மணிக்கட்டுக்குக் கீழே

மூங்கில் துண்டு வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டர் போடாத அறையில் மேசையும் மை அரைக்கும் கல்லும் சில்லிட்டுக் கிடக்க, அது மட்டும் இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல.

பார்கவி அதைக் கிளென் வேவர்லியில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கியிருந்தாள். ஜப்பானியத் தூரிகை எழுத்துப் பழகுகிறவர்கள் ஈர மையில் கை படாமல் மணிக்கட்டுக்குத் தாங்கலாக வைத்துக்கொள்வது. நெடுக்காகப் பிளந்த பாதி மூங்கில், கவிழ்த்த ஓடுபோல, முதுகில் காற்றுக்குச் சாய்ந்த நாணல் செதுக்கியது.

இந்த ஊரில் ஜூலை குளிர்காலம் என்பதால் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. கூரைக் குழாயில் மழைநீர் களகளவென்று இறங்க, மையின் கற்பூர வாசனை அறையெங்கும் கனத்துக் கிடக்க, அவள் மணிக்கட்டை மூங்கில்மேல் வைத்து முதல் கோட்டை இழுத்தபோது அடியில் ஏதோ மெதுவாகத் துடித்தது.

நாடி.

நர்ஸ் வேலையில் எத்தனையோ கைகளைப் பிடித்துப் பார்த்தவள். தன் கழுத்தைத் தொட்டாள். பயத்தில் படபடவென்று ஓடியது. மூங்கிலுக்குள் அடித்ததோ நிதானமாக.

மூங்கிலைத் தூக்கிப் பார்த்தாள். அடியிலிருந்த வெள்ளைத் தாளில் நான்கு விரல்நுனிகளின் மைத் தடம். ஈரமாக.

"சுதர்சன், கொஞ்சம் இங்க வாயேன்."

கணவன் எட்டிப் பார்த்தான். "மோனிகா வெளையாடியிருப்பா. இதுக்கா இப்படி நடுங்கற?"

மகள் மோனிகாவுக்கு ஆறு வயது. பார்கவி தன் விரல்களைத் தடத்தின்மேல் விரித்துப் பார்த்தாள். எட்டவில்லை.

மழையில் நனைந்தபடி வெளியே ஓடி, மூங்கிலைக் குப்பைத் தொட்டியில் எறிந்து மூடினாள். உள்ளே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஹாலில் சுதர்சன் போனில் பேசிக்கொண்டிருந்தான். மோனிகாவைக் காணோம்.

எழுதும் அறையில் விளக்கு எரிந்தது. தாளில் தூரிகை உரசும் சத்தம்.

"மோனிகா, அங்க என்னடி பண்ற?"

"ரைட்டிங், அம்மா."

"எழுந்து வா. கை வலிக்கும்."

"நோ, அம்மா. வலிக்கல. இட்ஸ் கம்ஃபி."

பார்கவி கதவைத் தள்ளினாள்.

குழந்தையின் கை மேசையைத் தொடவில்லை. எதன்மேலோ சாய்ந்திருந்தது. மேசைப் பலகையிலிருந்து எழுந்த ஒரு கை. மூங்கில் மஞ்சள். கணுக் கணுவான நீண்ட விரல்கள். மல்லாந்த உள்ளங்கையில் அந்தச் சின்ன மணிக்கட்டை ஏந்தியிருந்தது.

மோனிகா சிரித்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

விரல்கள், ஒவ்வொன்றாக, மடங்கின.