கிடங்குச் சுவரோரம் ஒருத்தி

பனியும் ஆலைப்புகையும் தெருவை மூடியிருந்த காலையில், நகரசபையின் பஸ் வினிஃப்ரெட் வீட்டு முன்வாசலில் வந்து நின்றது.

அதற்கு முன் அது அவள் வாசலில் நின்றதே கிடையாது.

இறங்கி வந்தவள் புதியவள். அறிவு வளர்ச்சி குன்றியவர்களை ஏற்றிக்கொண்டு போய் நகரசபைப் பயிற்சிக்கூடத்தில் விடுகிற துணையாள்.

"உங்க பொண்ணு நிலக்கரிக் கிடங்குச் சுவரோரம் நிக்குதுங்க. ஏறச் சொன்னா மாட்டேங்குது. யாரும் பாக்காதப்பதான் ஏறணும்னு அம்மா சொன்னாங்களாம். பச்சைக் கதவு வீடுன்னுச்சு. ஒரு வார்த்தை வந்து சொல்லுங்களேன்."

பக்கத்து வீட்டு வாசற்படியைத் தேய்ப்புக்கல்லால் சுத்தம் செய்துகொண்டிருந்த மிஸஸ் கிளெக்கின் கை நின்றது.

வினிஃப்ரெட்டின் வாய் தானாகப் பேசியது. "இந்த வீட்ல பொண்ணு யாரும் இல்ல."

பொய்யில்லை. மகள் டோரீன் போன குளிர்காலமே செத்துப்போனாள். ஆனால் அவள் உயிரோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தபோதும், வாசலுக்கு வந்தவர்களிடம் வினிஃப்ரெட் இதையேதான் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப அங்க நிக்கிறது யாருங்க?" என்றாள் துணையாள்.

பஸ் வீட்டு முன் நின்றால் தெரு சிரிக்கும் என்று, கிடங்கருகே நிறுத்தச் சொன்னது வினிஃப்ரெட்தான். தினமும் மகளைக் கொல்லைக் கதவு வழியாக அனுப்புவாள். "பஸ் வர்ற வரைக்கும் நகராதே. வீட்டுக்கு வந்துடாதே."

ஒருநாள் கடும் பனியில் பஸ் வரவேயில்லை. வினிஃப்ரெட் ஆலை வேலை முடிந்து வந்தபோது, டோரீன் அதே இடத்தில் விறைத்து நின்றிருந்தாள். நுரையீரலில் சளி கட்டி, அந்த வாரமே போய்விட்டாள்.

மிஸஸ் கிளெக் மெல்ல எழுந்தாள்.

"ஏன்டி வினி, அது உன் பொண்ணுன்னு தெருவுக்கே தெரியும்."

"தெரியுமா?"

"உன் மனசு சங்கடப்படும்னுதான் தெரியாத மாதிரி இருந்தோம். அன்னிக்கு நான் கூப்பிட்டேன்டி, சூடா டீ தர்றேன் வான்னு. அம்மா நகரக்கூடாதுன்னாங்கன்னுச்சு. இழுத்துட்டு வந்தா, அது உன் பொண்ணுன்னு எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடுமேன்னு... விட்டுட்டேன்."

வினிஃப்ரெட் ஓடினாள்.

சுவரோரம் யாருமில்லை. செங்கல் முழுக்கப் பனி நீர் வழிந்தது.

ஓரிடத்தில் மட்டும் வழியவில்லை.

டோரீனின் உயரம். டோரீனின் தோள் அகலம். வினிஃப்ரெட் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"டோரீன் என் பொண்ணு," என்றாள் தெரு கேட்க. ஜன்னல் திரைகள் அசைந்தன. "எல்லாரும் பாருங்க. என் பொண்ணு."

வீட்டுக்குத் திரும்பியவள் முன்கதவை அகலத் திறந்து, நாற்காலி ஒன்றை முட்டுக்கொடுத்தாள். பனி உள்ளே புகுந்தது. டோரீனின் ஈரக் கம்பளிக் கோட்டு வாடையும் கூடவே வந்தது.

நகம் மரத்தைச் சுரண்டும் ஓசை.

முன்வாசலில் அல்ல. கொல்லைக் கதவில்.

"அம்மா," என்றது தணிந்த குரல். "யாராச்சும் பாக்குறாங்களா?"

வினிஃப்ரெட் கொல்லைப் பக்கம் திரும்பினாள். "பாக்கட்டும்டி கண்ணு. முன்வாசல் தொறந்திருக்கு. அது வழியா வா."

சுரண்டல் நின்றது.

"பாத்துடுவாங்கம்மா," என்றது குரல், அவளைச் சமாதானப்படுத்துவதுபோல். "நான் அங்கேயே நிக்கிறேன்."

ஈரப் பூட்ஸின் ஓசை, கிடங்கை நோக்கித் திரும்பி நடந்தது.