கோரமண்டல் லைனின் பின்சுவர்

பூசி ஒரு வாரமாகியும் சம்பங்கி வீட்டுப் பின்சுவர் காயவில்லை. மழை பெய்து மாதக்கணக்காகிறது; தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டுப் புழுதி காற்றில் பறந்து வந்து தொண்டையை அறுத்தது. சுவர் மட்டும் சற்று முன்தான் பூசியதுபோல் மினுமினுத்தது.

தங்கச் சுரங்கம் மூடியதும் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளை இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. குடியிருந்தவர்களே எதிர்த்து நின்று, நாங்களே பழுது பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டு அனுமதி வாங்கினார்கள். ஓடு மாற்றியது, சுண்ணாம்பு குழைத்தது, எல்லாம் அவர்கள் கைதான். வரிசை முழுவதற்கும் ஒரே நீளப் பின்சுவர்.

"உன் வூட்டு செவுரு காஞ்சிச்சா, சம்பங்கி?" பக்கத்து வீட்டு மங்கம்மா காலையில் கேட்டாள்.

"காஞ்சிடுச்சிக்கா. உங்களுது?"

"எப்பவோ." மங்கம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை, தூங்காதவள்போல் இருந்தாள். "நாளைக்கு செவுரு பாக்க இஞ்சினியர் வர்றாரு. ஒரு வூடு சரியில்லன்னாலும் மொத்த லைனையும் இடிச்சிடுவாங்க."

சம்பங்கி தலையாட்டினாள். தன் வீட்டால் எல்லோர் வீடும் போக வேண்டுமா?

மாலையில் கரண்ட் போயிற்று. புருஷன் கோவிந்தன் பெங்களூர் வேலையிலிருந்து ரயிலில் வந்துசேர நேரமிருந்தது. அவள் விளக்கேற்றி, ஈரப் பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசத் தொடங்கினாள். தோள் இற்றுப்போனது. சுரண்டிய இடத்திலிருந்து ஒரு வாடை வந்தது. சுரங்கம் ஓடிய நாளில் கோவிந்தன் ஷிப்ட் முடிந்து வரும்போது உடம்போடு கூடவே வந்த அதே வாடை: ஊறிய மரம், வெடிப்புகை, பழைய வியர்வை. சுவரில் கை வைத்தாள். சூடாக இருந்தது, காய்ச்சல் கண்ட முதுகுபோல.

இடுப்பு உயரத்தில் பூச்சு லேசாகப் புடைத்தது. பூச்சுக் கரண்டியால் அழுத்திச் சமன்செய்தாள். மறுபடி புடைத்தது. உள்ளங்கையால் அழுத்தினாள்.

உள்ளிருந்து பதிலுக்கு அழுத்தியது.

இரண்டு கைகளையும் வைத்தாள். பிறகு தோளை. குதிகால் தரையில் வழுக்கியது. அதுவும் விடவில்லை. அவசரமில்லை அதற்கு. களைப்பில்லை. மெதுவாக. அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் முன்னே.

கை கனத்தது. மரத்தது.

எடுத்துவிட்டாள்.

வெளியே ஓடி மங்கம்மாவின் கதவைத் தள்ளினாள். தரையில் ஒரு விளக்கு. மங்கம்மா பின்சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, கன்னத்தையும் வைத்து அழுத்தியபடி நின்றிருந்தாள். அவள் விரல்களுக்கிடையே பூச்சு ஈரமாய் மினுங்கியது. அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அங்கே பிலோமினா, முதுகை முட்டுக்கொடுத்து, கண்களை மூடியபடி. அதற்கடுத்த வீட்டில் சிரிலும் அவன் மனைவியும், பக்கத்தில் பக்கத்தில். எல்லோரும் இதை மறைத்திருந்தார்கள்.

மங்கம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது, மிகவும் அலுத்துப்போய்.

"சம்பங்கி, நீ கைய எடுத்துட்டியா?"

அவள் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. வாசல் நிலைச்சட்டத்தின் ஓரத்தில், தரைக்குச் சற்று மேலே, சுண்ணாம்பு சொட்டும் நான்கு விரல்கள் வெளிப்பக்கமாய் மடங்கிப் பிடித்தன. அவற்றுக்கு மேலே இன்னும் நான்கு. அதற்கு மேலேயும்.