ஆடாத காகிதம்

“நான் குறட்டை விடுறேன்னு டாக்டர்கிட்ட சொல்லமாட்டியே, அக்கா?”

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடி தம்பி அவள் காதைக் கடித்தான்.

“ஏன்டா?”

“குறட்டை விடுற பசங்களை ராத்திரி இங்கயே படுக்க வச்சிடுவாங்களாம். அந்த நர்ஸ் யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாங்க. எனக்கு ஆப்பரேஷன் முடிஞ்ச அன்னிக்கே வீட்டுக்குப் போகணும். சத்தியம் பண்ணு!”

அவளுக்கு வாயைத் திறப்பதே பெரிய வேலை. தலையை ஆட்டிவைத்தாள்.

வீட்டில் அவளைப் ‘பூனை’ என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் வராது. தம்பியின் பெயர் ‘லொடலொட’. அதற்கு விளக்கம் தேவையில்லை.

லொடலொடவுக்குத் தொண்டையில் டான்சில் இரண்டும் கோலிக்குண்டு மாதிரி வீங்கியிருந்தன. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்று இன்னொரு சதை வேறு. நாளைக்கு எல்லாவற்றையும் எடுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவனைப் பார்க்க வேண்டுமாம்.

அவன் குறட்டை வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேடிக்கை. அப்பா லாரி ஓட்டுபவர். “குறட்டை விட்டாத்தான்டா அது தூக்கம்!” என்பார். அம்மாவுக்கு ரொட்டிக் கடையில் இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மட்டும் அவன் தூங்குவதைப் பார்த்துவிட்டு, “அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கு” என்று சிரிப்பாள்.

எல்லோரும் சத்தத்தைக் கேட்டார்கள். பூனைக்கு மட்டும் சத்தம் நிற்கிற இடத்தில் காது நின்றது.

கொர்ர்... கொர்ர்... அப்புறம் ஒன்றுமே இல்லை. பிறகு திடீரென்று ‘ஹக்!’ என்று ஒரு பெரிய மூச்சு.

நடுவில் அந்த மூச்சு எங்கே போகிறது?

ஒரு மதியம் மெல்லிய காகிதத்தைக் கிழித்து, தூங்குகிற தம்பியின் மூக்குக்கும் வாய்க்கும் நேராகப் பிடித்துப் பார்த்தாள். குறட்டை வந்தபோது காகிதம் படபடவென்று ஆடியது. குறட்டை நின்றதும் செத்த பல்லி வால்போலத் தொங்கியது. ஆனால் நெஞ்சும் வயிறும் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. உறிஞ்சுகுழலின் நுனியில் பழத்துண்டு அடைத்துக்கொண்டால், எவ்வளவு உறிஞ்சினாலும் ஒன்றும் வராதே, அந்த மாதிரி.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“அடுத்து யாரு? உள்ள வாங்க!”

அம்மா இருவரையும் உள்ளே கூட்டிப்போனாள். மயக்க மருந்து டாக்டர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண்மணி. தம்பியின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

“தூக்கத்துல குறட்டை உண்டா? மூச்சு ஏதாவது தடைபடுதா?”

“அதெல்லாம் இல்ல டாக்டர். எப்பவாவது லேசா குறட்டை. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான்” என்றாள் அம்மா.

தம்பி பூனையின் காலை மிதித்தான். ஆனால் பூனையின் வாயிலிருந்து ஒரு கேள்வி தானாக வெளியே குதித்துவிட்டது.

“அதை எதுக்கு டாக்டர் கேக்குறீங்க?”

அம்மாவே ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார்.

“நல்ல கேள்வி. ஆப்பரேஷன் முடிஞ்சதும் தொண்டை வீங்கியிருக்கும். வலிக்குக் கொடுக்கிற மருந்து சில பிள்ளைங்களுக்கு மூச்சை மந்தமாக்கிடும். ஏற்கெனவே தூக்கத்துல மூச்சு அடைக்கிற பிள்ளைன்னா அன்னிக்கு ராத்திரி இன்னும் கஷ்டப்படலாம். யாருக்கு அப்படி ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சா, நாங்க தயாரா இருப்போம். தெரியலைன்னாத்தான் ஆபத்து.”

பூனை தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி அவள் காலை இன்னும் அழுத்தினான்.

அவள் காலை உருவிக்கொண்டாள்.

“டேய், கோச்சுக்காதே. நான் சொல்லப்போறேன்.”

சொல்ல வார்த்தை வரவில்லை. அதனால் மேசையிலிருந்த மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, தன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“கொர்ர்ர்... கொர்ர்ர்...”

காகிதம் ஆடியது. அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சத்தம் நின்றது. காகிதமும் நின்றது. பூனையின் நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. அம்மாவின் சிரிப்பும் நின்றது. அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

“ஹக்!”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “சத்தம் நிக்கிறப்போ நெஞ்சு ஏறி இறங்குதா? நல்லாப் பாத்தியா கண்ணு?”

“பாத்தேன். காகிதம் மட்டும் ஆடாது. அடிக்கடி அப்படித்தான் ஆகும்.”

“இதைத்தான் நான் தெரிஞ்சுக்கணும்னு நெனச்சேன்.” டாக்டர் அம்மாவிடம் திரும்பினார். “வலி மருந்தைப் பாத்து, குறைச்சுத்தான் கொடுப்போம். நாளைக்கு ராத்திரி இவன் இங்கதான் இருக்கணும். விரல்ல ஒரு கிளிப் மாட்டுவோம். மூச்சு குறைஞ்சா மெஷின் கத்தும்.”

“துரோகி!” என்றான் லொடலொட. அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை!

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் காலை பூனை அப்பாவுடன் போனாள். வார்டு வாசலிலேயே அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

“நடு ராத்திரியில மெஷின் கத்திச்சு. நர்ஸ் ஓடி வந்து, அவனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டினாங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. வீட்ல இருந்திருந்தா...” அம்மா மூக்கை உறிஞ்சினாள். “குறட்டை நின்னுடுச்சு, பிள்ளை நிம்மதியா தூங்குதுன்னு நான் சந்தோஷப்பட்டிருப்பேன்டி!”

அம்மா சொல்வதையெல்லாம் தம்பி கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பூனை பக்கத்தில் போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நர்ஸ் கொடுத்த ஐஸ்கிரீமைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த கட்டிலில் புதிதாக ஒரு பையன். அங்கே மயக்க மருந்து டாக்டர் வந்தார்.

“குறட்டையா? ஐயோ, இல்லவே இல்ல டாக்டர்” என்றார் அந்தப் பையனின் அப்பா.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “சரி. இவன்கூட ஒரே அறையில தூங்குறது யாரு?”

கட்டிலுக்குப் பின்னாலிருந்து, சின்னதாக ஒரு கை மேலே வந்தது.

டாக்டர் அந்தக் கைக்குச் சொந்தக்காரியான சின்னப் பெண்ணுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பூனைக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. அந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாள்?

“கிளம்பலாமா?” அம்மா பையைத் தூக்கினாள். அப்பா செருப்பை எடுத்துப் போட்டார். லொடலொட இறங்கி, அக்காவைப் பார்க்காமலே கதவு வரைக்கும் போனான். அங்கே நின்றான். திரும்பி வந்தான்.

ஐஸ்கிரீம் கப்பை அவள் கையில் வைத்தான். அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பிறகு வெளியே போனான்.