ஒன்பது மாடிகளில் ஒரே வயிறு

காலை ஆறு மணிக்குக் கழிவுமானிகளின் அறிக்கையைத் திறந்ததும் ஜெபசீலியின் கண் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடியது. நேற்று இருபத்திரண்டாம் மாடி. அதற்கு முன்தினம் மூன்று. இன்று பதினேழு. ஆறு நாளில் ஒன்பது மாடிகளில் அதே வயிறு. யாரும் இத்தனை வேகமாக வீடு மாற மாட்டார்களே?

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் பெருகிய காலத்தில் காற்றுப் புகாமல் கட்டப்பட்ட கோபுரம் அது. நாற்பது மாடி, நான்காயிரம் பேர். திங்கட்கிழமைதோறும் எல்லோரும் ஒரே குளிகையை விழுங்க வேண்டும். அதில் தேர்ந்தெடுத்த எட்டு வகை நுண்ணுயிர்கள் இருந்தன. அவற்றைத் தவிர வேறெதுவும் குடலில் வாழக் கூடாது என்பது சட்டம். கழிப்பறையில் பொருத்திய மானி அதைச் சோதிக்கும். அந்நிய நுண்ணுயிர் தெரிந்தால், அது யாருடையது என்று கண்டுபிடிப்பது குடல் மேற்பார்வையாளர் ஜெபசீலியின் வேலை. அவள் பெயர் கொடுத்ததும் அந்த ஆளுக்குத் ‘துடைப்பு’ நடக்கும். குடலில் உள்ள அத்தனையையும் கொன்றுவிட்டு, எட்டை மட்டும் மறுபடி விதைப்பார்கள்.

இந்த வயிற்றிலோ இருநூற்றுப் பன்னிரண்டு வகைகள். நண்பகலுக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

அவள் மனம் அதில் ஓடவில்லை. கணவன் ஸ்டீபன் பதினொரு நாளாக நோய்க்கூடத்தில் கிடந்தான். தண்ணீராய்ப் பேதி, காய்ச்சல். முப்பத்தொரு பேருக்கு அதே நோய். ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். “இன்னொரு தடவ திரும்புச்சுன்னா உடம்பு தாங்காதுங்க” என்று டாக்டர் லியாகத் நேற்றே சொல்லிவிட்டார்.

பேதியால் மாடிக்கு மாடி கழிவுக்குழாய்கள் அடைத்துக்கொண்டிருந்தன. அந்தப் புகார்ப் பட்டியலைத் தற்செயலாகப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு, மூன்று, பதினேழு. எல்லாவற்றையும் சரிசெய்தது ஒரே ஆள்.

குழாய்க்காரர் ஏகாம்பரம் பதினேழாம் மாடியில் முழங்கை வரை கையைக் குழாய்க்குள் விட்டிருந்தார்.

“குளிகை போடறீங்களாண்ணே?”

அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார். “பதினாறு வருசமா குழாய்தாம்மா அத முழுங்குது. எனுக்கு அது குமட்டும்.”

“மானியில எப்படித் தெரியாமப் போச்சு?”

“என் வூட்டு மானிய மாட்டனதே நான்தான். கழட்டத் தெரியாதா? இப்போதான் நாள் பூரா மாடி மாடியா வேல. அவசரத்துக்கு இன்னா பண்றது, சொல்லு?”

“என்ன சாப்பிடறீங்க?”

“கீழ கழிவுநீர்க் குட்டையாண்ட மண்ணு கெடக்குது. முள்ளங்கி போட்ருக்கேன். புடுங்கி, வேட்டில தொடச்சி, அப்டியே கடிப்பேன்.” பிறகு குரல் தாழ்ந்தது. “தொடைச்சிருவீங்களாம்மா?”

நோயாளிகளின் கழிவில் ஆறு நாள் கையை விட்ட மனிதருக்கு ஒரு ஏப்பம்கூட வரவில்லை. அவரை நேராக லியாகத்திடம் அழைத்துப் போனாள்.

மானியின் பட்டியலைப் படித்த டாக்டர் எழுந்தே விட்டார். “குடல் ஒரு பஸ் மாதிரிங்க. நம்ம பஸ்ல எட்டே பேரு, மிச்ச சீட்டெல்லாம் காலி. கிருமி ஏறி உக்காந்துக்குது. மருந்து கொடுத்தா அந்த எட்டும் சேந்து சாவுது. ஆனா கிருமியோட வித்து சாகாம தூங்கும். அத எழுப்பறது நம்ம பித்தநீர்தான். இவர் வயித்துல இருக்கற சிலது அந்தப் பித்தநீரையே வேற மாதிரி மாத்திடுது. அதுல இந்தக் கிருமி வளராது.”

“அத ஸ்டீபனுக்குக் கொடுக்க முடியுமா?”

“முடியும். மொதல்ல இவர்கிட்ட வேற கெட்ட கிருமி இல்லன்னு பாக்கணும். ஆனா இவரத் தொடச்சிட்டா முடிஞ்சுது. வேற ஆளில்ல.”

ஏகாம்பரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என் வயித்துல இருக்கறத கேட்டு வந்த மொத ஆளுங்க நீங்கதான்யா.”

மணி பதினொன்று ஐம்பது. மானிக்கு வயிறுதான் தெரியும், முகம் தெரியாது. அந்த ஒன்பது மாடிகளுக்கும் விசாரணைக்காக அவளும் போய் வந்திருந்தாள். படிவத்தில் ‘ஆள்’ என்ற இடத்தில் ஜெபசீலி தன் பெயரை எழுதினாள்.

பன்னிரண்டரைக்குத் துடைப்புக்காரர்கள் வந்தார்கள். அவளைச் சோதிக்கவில்லை. மேற்பார்வையாளரின் கையெழுத்து போதும் என்பது அவர்கள் வழக்கம். இரண்டு நாள் அவளுக்கு மருந்து ஓடியது. குடலில் எதுவுமே மிச்சமில்லாமல், யாரோ தும்மினால்கூடப் பயந்துகொண்டு கண்ணாடி அறையில் கிடந்தாள். மூன்றாம் நாள் எட்டு வகைக் குளிகையோடு நர்ஸ் வந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அன்று மாலை கண்ணாடிக்கு வெளியே ஸ்டீபன் நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான், ஆனால் நின்றான். “கஞ்சி குடிச்சேன் சீலி, தங்கிடுச்சு” என்றான். பின்னால் லியாகத், ஏகாம்பரம் தந்ததைக் கரைத்து, ஸ்டீபனுக்கு ஏற்றியது போல இன்னொரு குழாயைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அது அவளுக்கு.

மறுநாள் நாற்பது மாடிப் பலகைகளிலும் அவள் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது:

“மருந்தை முந்தைய நாளே நிறுத்தவும். சோதித்துத் தேறியவரின் புது மலம் ஐம்பது கிராம் எடுத்து, உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியே நோயாளியின் பெருங்குடலில் செலுத்தவும். திங்கள் குளிகை வேண்டாம். ஏகாம்பரத்தை யாரும் துடைக்க வேண்டாம்.”