வாடையில்லாத வாயு

வாடையே இல்லாத வாயுவை மோந்து பார்த்த ஒரே ஆள் இந்தப் பூமியில் நான்தான். முப்பத்தாறு வருடம் தீயணைப்புத் துறையில் உழைத்த மூக்கு இது. மூன்று தெரு தள்ளிப் பால் அடிப்பிடித்தால், யார் வீட்டுப் பால், எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடும்.

என் மனைவியின் தம்பி மட்டும் நம்பமாட்டான். அவன் நூலகர். ஒரு மழைநாள் மத்தியானம் அவனுடைய நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனேன். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவன் மகளைத் தவிர உள்ளே யாருமில்லை. மின்சாரம் போய், எங்கோ ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சுவரில் வாயு அலாரம் வாயைப் பிளந்து தொங்கியது.

"பேட்டரி எங்கடா?"

"கீச்சு கீச்சுன்னு கத்துது அத்தான். படிக்கிறவங்களுக்குத் தொந்தரவு. அதான் கழட்டிட்டேன்."

என் மூக்கு இருக்கும்போது பேட்டரி எதற்கு என்று நானும் சிரித்தேன்.

அவன் சாப்பிடப் போனான். போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கம். இல்லாவிட்டால் புத்தகங்களைச் சுருட்டிவிடுவார்களாம். பின்கதவை அலமாரி மறைத்திருந்தது. மழைக்குப் பயந்து ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

"மாமா, தலை வலிக்குது."

"இப்படிப் படிச்சா வலிக்காம என்னம்மா செய்யும்?"

அவள் மேஜைமேல் தலை சாய்த்தாள். அப்போதுதான் உறைத்தது. ஜெனரேட்டர் சத்தம் கொல்லையிலிருந்து வரவில்லை. என் காலடியில், கீழறையிலிருந்து வந்தது. நனையக் கூடாதென்று உள்ளே இறக்கியிருக்கிறான் பாவி. அதன் புகையோடு வரும் வாடையில்லாத விஷவாயுதான் அவள் தலைவலி.

எழப் பார்த்தேன். கால்கள் எழவில்லை.

அவளை எட்டித் தொட நான்கு விரற்கடைதான் இருந்தது.

தொட முடியவில்லை.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. புளித்த மாவுப் பசை. பல வருடத்துக்கு முன் அந்தக் கீழறையில் கரியடுப்பில் பசை காய்ச்சியபடி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர், புத்தகங்களுக்கு அட்டை கட்டும் ஒரு பைண்டர். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை.

கீழறைப் படிகளில் காலடி ஏறியது.

ஒவ்வொன்றாக.

என் காதருகே சில்லென்று ஒரு மூச்சு.

"சின்னவ முதல்ல."

கண் விழித்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய். அடுத்த கட்டிலில் அவள் மூச்சு விடுவதைப் பார்த்து நான் குழந்தைபோல் அழுதேன்.

"பூட்டைத் திறந்து நான்தான் ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்தேன்," என்றான் மைத்துனன், நான் சொன்னதைக் கேட்டு. "பேயாவது, பிசாசாவது! வாயு மூளைக்கு ஏறினா இப்படித்தான் தெரியுமாம்."

நான் விடுவேனா? பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லப் பைண்டர் வளர்ந்தார். போன வாரம் ஒன்பதடி தொட்டுவிட்டார். வழக்கமாக விழுந்து விழுந்து சிரிக்கும் மைத்துனன், அன்று வந்தவர்கள் கிளம்பும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒம்பதடி எல்லாம் இல்ல அத்தான்," என்றான் மெல்ல. "என் தோள் உயரம்தான்."

நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நான் தூக்கினது உங்களை மட்டும்தான். நான் வரும்போதே பாப்பா வெளிப்படியில கிடந்தா. பக்கத்துல அவர் நின்னார். பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு." நூலகச் சாவியைக் கையில் உருட்டினான். "இப்பவும் மத்தியானம் பூட்டப் போனா, உள்ளேயிருந்து கதவைப் பிடிச்சுக்கிறார் அத்தான். விடமாட்டேங்கிறார்."