ஒரு மொட்டாவது வரட்டும்

மாலை மணி ஆறானதும் தேன்மொழி மாடித் தோட்டத்துச் சாமந்தித் தொட்டிகளைக் கருந்துணியால் மூடப் போனாள். ஓசூரில் அப்போதும் பட்டப்பகல்தான். விண்வெளியில் சுற்றும் ராட்சதக் கண்ணாடிகளான வான்ஆடிகள் சூரியனைப் பிடித்து ராப்பகலாக ஊர்மேல் கொட்டிக்கொண்டிருந்தன. ஆலைகள் ஓயக்கூடாதாம். மனிதர்கள் எக்கேடு கெட்டால் என்ன!

மகள் மகிழினி பிறந்ததே இந்த வெளிச்சத்தில்தான். இப்போது அவளுக்கு எந்தத் தூக்க மாத்திரையும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வயதில் கை நடுங்குகிறது, பேச்சு பாதியில் நின்றுபோகிறது. எங்கள் தெருவுக்கு ராத்திரியைக் கொடுங்கள் என்று தேன்மொழி வார்டு ஆபீசில் போட்ட கூச்சலில் அதிகாரி ஞானசேகர் எரிந்து விழுந்தார். "இருட்டு இல்லாம முடியாதுங்கற ஒரு உயிரைக் காட்டும்மா. ஆடியைத் திருப்பிவிடறேன்."

காட்டுகிறேன் பார் என்று வந்தவள்தான். கோடைச் சாமந்தி எந்த வெளிச்சத்திலும் பூத்துத் தொலைக்கும். குளிர்காலத்தில் கடைசியாகப் பூக்கும் இந்த மஞ்சள் சாமந்திக்குத்தான் நீண்ட, இடைவிடாத இருட்டு வேண்டும். அதையே தேடிப் பிடித்து நட்டாள். மாலையில் மூடுவாள், காலையில் திறப்பாள். இலை தளதளவென்று வந்ததே தவிர ஒரு மொட்டைக் காணோம். ஞானசேகரிடம் இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இன்றுதான் கடைசி.

அவள் துணியை விரிக்குமுன்பே ஞானசேகர் மாடியேறி வந்துவிட்டார். கண்களைக் கசக்கிக்கொண்டு தொட்டிகளைப் பார்த்தார்.

"பூ எங்கம்மா?"

"யாரோ வெளிச்சம் காட்டியிருக்காங்க சார். நடுவுல கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் ராத்திரி முடிஞ்சுதுன்னு நினைச்சு செடி மொட்டு விடாது."

மகிழினி பின்னாலிருந்து மெல்ல வந்தாள். "நான்தாம்மா. தூக்கம் வராதப்போ எல்லாம் வந்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒரு மொட்டாவது வந்துச்சான்னு."

"அறிவிருக்காடி உனக்கு?" தேன்மொழி கையை ஓங்கிவிட்டாள். "டார்ச் இல்லாம பாக்க முடியாதா?"

"துணிக்குள்ள தலைய விட்டேம்மா. ஒண்ணுமே தெரியல. கண்ணு போயிடுச்சோன்னு பயந்துட்டேன். இருட்டுன்னா அப்படித்தான் இருக்குமா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெற்று வளர்த்த பிள்ளைக்கு இருட்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை. தேன்மொழி ஞானசேகர் பக்கம் திரும்பினாள்.

"உயிரைத்தானே காட்டச் சொன்னீங்க? செடியை விடுங்க சார். இதோ நிக்கிறாளே, இவளை எழுதிக்கோங்க!"

"மனுஷங்களை எல்லாம் கணக்குல எடுக்க முடியாதும்மா. அவங்களுக்குத்தான் மாத்திரை இருக்கே."

அவ்வளவுதான். தேன்மொழி கருந்துணியை அவர் தலைமேல் வீசி இறுக்கிப் பிடித்தாள். "பாருங்க! இதான் ராத்திரி!"

திமிறுவார், கத்துவார், போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தாள். அவரோ துணியோடு அப்படியே மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கெஞ்சும் குரல் வந்தது.

"எடுத்துடாதீங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரம்."

தேன்மொழி வெடுக்கென்று துணியை உருவினாள்.

"ஆடியைத் திருப்புங்க சார். அதுவரைக்கும் இது என் பொண்ணுக்கு."