அம்பு காட்டிய பக்கம்

“படத்தைக் காட்டுங்க.”

தகடு தேடுவோர் சங்கத்தில் சேர்ந்த அன்றே மரிசேலாவிடம் சொல்லிவைத்திருந்தார்கள்: நில அளவைக்காரர்கள் மலையுச்சியில் பதித்துப்போன பித்தளைத் தகட்டைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அத்தாட்சி கேட்கவே கூடாது. வாய்ச்சொல் போதும். கேட்டவருக்குச் சங்கத்தில் இடமில்லை.

அவள் கேட்டுவிட்டாள். நெவாடாவின் மொட்டை மலையொன்றில், கற்குவியலில் சாய்ந்து பாதாம் தின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவனிடம். போன வசந்தத்தில் இங்கே தகட்டைக் கண்டானாம். அது அவனுடைய நூறாவதாம். சனிக்கிழமை அதற்கு விருந்தாம். பெயர் டோபின், சங்கத் தலைவரின் மகன்.

சிரித்தபடி செல்போனை நீட்டினான். மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில் கண்கள்... அவள் படத்தை மட்டும் பார்த்தாள்.

“இதுல அம்புக்குறி இருக்கே. இது வழிகாட்டுற தகடு. அம்பு காட்டுற பக்கம்தான் அசல் இருக்கு. நீங்க அதைப் பாக்கவே இல்ல.”

சிரிப்பு நின்றது. “என் வார்த்தைய இதுவரைக்கும் யாரும் சந்தேகப்பட்டதில்ல.”

“எங்க வீட்டுல காலேஜ் போன மொத ஆளு நான். போற எடமெல்லாம் என்கிட்ட அத்தாட்சி கேக்குறாங்க. உங்களுக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா?”

இடி உறுமியது. மின்னல் வேளையில் உச்சியில் நிற்க முடியாது. அசலைத் தேடாமலே ஆளுக்கொரு சரிவில் இறங்கினார்கள். மழைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்... எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல் வீடுவரை கூடவே வந்தது.

சனிக்கிழமை விருந்தில், தலைவர் ஹார்லன் மகனைப் புகழ்ந்து முடித்ததும் டோபின் எழுந்தான்.

“தொண்ணூத்தொம்பதுதான். நூறாவதை நான் பாக்கல. ஒருத்தங்க படம் கேட்டாங்க... அப்பதான் தெரிஞ்சுது.”

கேட்டது யார் என்றார் ஹார்லன். மரிசேலா எழுந்து போய், உறுப்பினர் அட்டையை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். விதியைச் சொல்லும் வேலையை அவருக்கு வைக்கவில்லை.

“அவங்க போனா நானும் போறேன்ப்பா.”

“உக்காருடா.”

அவன் உட்காரவில்லை. அவளிடம் திரும்பினான். குரல் தாழ்ந்திருந்தது. “மூணு நாளா அந்தத் தகடு நெனப்பே இல்ல எனக்கு. கேட்ட முகம்தான்...”

“நாளைக்குக் காலைல அஞ்சு மணி, மலையடில,” என்றாள். “கேமராவ மறக்காதீங்க.”

பதிலுக்கு நிற்காமல் வெளியே நடந்தாள். இரண்டு பேருக்கான தண்ணீரை மத்தியானமே வண்டியில் ஏற்றியிருந்தாள்.